நாலாவது லைனும் ஒரு காதுகுத்தும்

இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் முதலில் என் அனுதாபங்கள். உங்கள் வேலை என்னவென்று உங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கப் போவதில்லை. சிவில் படித்தவன் பாலத்தைக் காட்டுவான். எலெக்ட்ரிக்கல் படித்தவன் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். நாம் எதைக் காட்டுவது? "ஆளு, மெஷின், சரக்கு எதுவும் வீணாகாம வேலை நடக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணுவேன் மாமா" என்று கல்யாணமான புதிதில் என் மாமனாருக்கு விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாப்ள, வேலை என்ன பாக்குறீங்க?" என்றார்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் மிக்ஸி ஓடவில்லை என்றால் நேராக என் வீட்டுக்குத்தான் வரும். இன்ஜினியர் வீடாயிற்றே. என் மனைவிதான் வாசலிலேயே மறித்து அனுப்புவாள். "இவருக்கு ரிப்பேர் பாக்கத் தெரியாதுக்கா. அடுத்தவங்க ரிப்பேர் பாக்கும்போது எம்புட்டு நேரமாகுதுன்னு பாக்கத்தான் தெரியும்." நம் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

நான் மட்டும் ஆசைப்பட்டா இதை எடுத்தேன்? கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தவற்றில் இதன் பெயர்தான் கொஞ்சம் கம்பீரமாக இருந்தது. உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் படிப்பில் ஸ்பேனருக்கு வேலையே இல்லை, முழுக்க முழுக்க மனிதர்கள்தான் என்று. மெஷினாவது கெட்டுப்போனால் திறந்து பார்க்கலாம். ஆளைத் திறந்து பார்க்க முடியுமா? இந்தச் சங்கடத்தில் நான் மாட்டிக்கொண்டு முழித்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது வேடசந்தூர் போகிற சாலையில் ஒரு ரெடிமேட் கம்பெனி. குழந்தைகளுக்கான சட்டைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். எரியோடு, வடமதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெண்கள் வந்து தைப்பார்கள். லைன் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் வீட்டில் படித்துக் காட்டினால் புரியட்டும் என்று சொல்கிறேன். வெட்டிய துணி ஒரு முனையில் நுழையும். ஒருவர் தோளைச் சேர்ப்பார், அடுத்தவர் காலர் வைப்பார், அதற்கடுத்தவர் கை தைப்பார். இப்படி ஆள் ஆளாகக் கைமாறி மறுமுனையில் சட்டையாக வெளியே வரும். நடுவில் ஒருவர் பின்தங்கினால் அவர் கூடையில் துணி மலையாகக் குவியும். அவருக்கு அடுத்து இருப்பவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கொட்டாவியை ஒழிக்கத்தான் எனக்குச் சம்பளம். கையில் ஸ்டாப்வாட்சோடு திரிவதால் அங்கே எனக்கு 'வாட்ச் சார்' என்று பெயர்.

எங்கள் கம்பெனியில் நாலாவது லைன்தான் கடைக்குட்டி. புதிதாக ஆரம்பித்தது. அந்த லைனில் மட்டும் கொட்டாவிக்குப் பஞ்சமே இல்லை. சின்ன முதலாளி ஒட்டன்சத்திரத்துக்காரர். குடும்பத்துக்குப் பூர்வீகத் தொழில் காய்கறி மண்டி. அதனால் எதையும் தக்காளியைப் பார்க்கிற கண்ணோடுதான் பார்ப்பார். வாடுவதற்குள் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏனுங்க சார், இந்த ஆர்டர் முடியறதுக்குள்ள நாலாவது லைனு மத்த லைன்களோட சரிக்குச் சரி நிக்கோணும். இல்லாட்டி மூடிப்போட்டு மெஷினுகள நம்ம திருப்பூர் யூனிட்டுக்கு ஏத்திப்போடலாமுங்க. அங்க எடமில்லாம தவிக்கிறாங்க."

"அந்தப் பொண்ணுங்க?"

"மெஷினுக்கு லாரி இருக்குதுங்க. அவங்களுக்கு நான் என்ன பண்ணட்டுங்க?"

அவர் கெட்டவர் இல்லை. மண்டியில் வளர்ந்தவர், அவ்வளவுதான். ஆனால் அந்த லைனில் முப்பது சொச்சம் பெண்கள். தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தவர்கள், வெயிலில் சீமைக்கருவேல முள் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். முதன்முறையாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். லைன் போனால் எல்லாம் போச்சு. அதைக் காப்பாற்றுகிற பொறுப்பு ஸ்டாப்வாட்சோடு திரிகிற இந்த ஆள் தலையில்.

நான் என்ன செய்தேன்? நாம் என்ன செய்வோமோ அதைத்தான். ஒவ்வொருவருடைய வேகத்தையும் எடுத்துப் பார்த்து, வேகத்துக்கு வேகம் பொருத்தி, உட்காரும் இடங்களை மாற்றினேன். கை தைக்கிற பஞ்சவர்ணமும், பக்கவாட்டைச் சேர்த்து அடிக்கிற நாகஜோதியும் வேகத்தில் ரெட்டைப் பிறவிகள். இருவரையும் அடுத்தடுத்துப் போட்டேன். இடங்களை வரைந்து சுவரில் ஒட்டியபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். அப்போதே நான் விசாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பஞ்சவர்ணம் முதல் சட்டைக்குக் கை தைத்தார். கையை நீட்டினால் நாகஜோதி வாங்கிக்கொள்ளும் தூரம். நீட்டவில்லை. சட்டையைக் கூடையில் விட்டெறிந்துவிட்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்து, "எடுக்கிறவுக எடுத்துக்கலாம்" என்றார். நாகஜோதி ஃபேனைப் பார்த்து, "வைக்கிறவுக ஒழுங்கா வைக்கலாம்" என்றார். மொத்த லைனும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். தலையில் அடித்துக்கொண்டான். "சார், அவங்க நாத்தனாரும் மதினியும் சார். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. பஸ்ல கூட முன்னாடி ஒருத்தங்க, பின்னாடி ஒருத்தங்க. ஊருக்கே தெரியும். நீங்க எப்படி சார் கோர்த்து விட்டீங்க?"

காரணம் ஒரு காதுகுத்து. நாகஜோதியின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். தாய்மாமன் என்றால் நாகஜோதியின் அண்ணன், அதாவது பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர். பஞ்சவர்ணத்துக்கோ, சீர் கொண்டு போனால் ஊரே வாயைப் பிளக்க வேண்டும். மாலை சின்னதாக இருக்கிறது என்று திரும்பத் திண்டுக்கல் பூமார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பினார். அந்த மாலை வந்து, கொட்டு மேளத்தோடு இவர்கள் போய்ச் சேருவதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் நாகஜோதியின் சித்தப்பா மகன் ஒருவன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். பெரிய மாலையோடு போய் நின்ற தாய்மாமனுக்கு அங்கே மடிக்கு வேலை இல்லை. "எம் புருசன் மடி என்ன வாடகைக்கா விட்டிருக்கு?" என்று பஞ்சவர்ணம் கேட்க, "நல்ல நேரம் ஒங்க மாலைக்காகக் காத்துக் கெடக்குமா?" என்று நாகஜோதி கேட்க, பந்தியில் பாதி இலை அப்படியே எழுந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும்தான். அதுவும் பாட்டாகத்தான்.

இடத்தை மாற்றிவிடலாம் என்று சுவரில் ஒட்டியதைக் கிழிக்கப் போனேன். அப்போதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். நாகஜோதியின் கூடை நிரம்பிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் கை தைத்த வேகத்தில் மெஷின் புகையாததுதான் பாக்கி. ஒவ்வொரு சட்டையாகக் கூடையில் போட்டுவிட்டு, 'பார், நான் முடித்துவிட்டேன், அவள் தேங்கிக் கிடக்கிறாள்' என்று ஊருக்குக் காட்டுகிற மாதிரி சுற்றிலும் ஒரு பார்வை. நாகஜோதி விடுவாரா? பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துத் தள்ளி, கூடையைக் காலி செய்து, அதைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். 'துணி எங்கே? தூங்குகிறார்களா?' என்று அர்த்தம். பஞ்சவர்ணத்துக்குத் துணி போதாமல், காலர் வைக்கிற பெண்ணை விரட்டினார். நாகஜோதி அனுப்புகிற வேகத்துக்குப் பட்டன் வைக்கிற பெண் மூச்சுவாங்கினாள். பாதி லைன் மதினி கட்சி, மீதி லைன் நாத்தனார் கட்சி என்பதால் அரட்டைக்கும் ஆளில்லை. சாயங்காலம் பார்த்தால் நாலாவது லைன் மூன்றாவது லைனைத் தொட்டுவிட்டது. அந்த வாரக் கடைசியில் தாண்டியே விட்டது.

சின்ன முதலாளி துள்ளிக் குதித்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன மெத்தடுங்க சார் இது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் மண்டிக்காரர் களை வந்துவிட்டது.

"அப்ப ரெண்டாவது லைன்லயும் யாருக்கு யாரு ஆகாதுன்னு விசாரிச்சு அடுத்தடுத்து ஒக்கார வையுங்க."

"சார், இது படிப்புல இல்லாத விஷயம்."

"படிப்புல இல்லாததுதானுங்க சார் ஓடுது."

என்னிடம் அப்போது வேலை பார்த்த பொடியன்கள் இரண்டு பேர், நல்ல படிப்பாளிகள், இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது லைனில் பேச்சு நின்ற ஜோடிகளை விசாரித்து, கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு போட்டு இணைத்து, ஒரு ஜோடியை அடுத்தடுத்துப் போட்டார்கள். முதல் நாளே ஒருத்தி அழுதுகொண்டே பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்னொருத்தி அவள் திரும்பி வருவதற்குள் வேண்டுமென்றே தையலைக் கோணலாக அடித்து வைத்தாள். அவர்களுடையது வேறு ரகச் சண்டை. ஒருத்தி ஒழிந்தால் போதும் என்று இன்னொருத்தி நினைக்கிற ரகம். பஞ்சவர்ணம், நாகஜோதி சண்டை அப்படியா? ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவருக்குச் சாப்பாடு இறங்காது. யாருக்குக் காட்டுவதற்காகத் தைப்பது? நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பஞ்சாலையில் இருந்த மேலதிகாரி ஒருவர், "கணக்கு ரொம்ப நல்லா வந்துச்சுன்னா சந்தோஷப்படாத, எதை எண்ணாம விட்டோம்னு தேடு" என்பார். இரண்டாவது லைனைப் பழையபடி உட்கார வைத்த அன்றுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

எல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது நாகஜோதி ஒரு நாள் மதியம் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு சின்ன டப்பா. நாலாவது லைனில் இது வழக்கம். யார் வீட்டில் நல்ல வெஞ்சனம் வைத்தாலும் எனக்கு ஒரு கரண்டி வந்துவிடும். என் மனைவி கட்டித் தருகிற சாப்பாட்டைப் பார்த்து அவர்களுக்கு அப்படி ஒரு பரிதாபம்.

"சார், சின்னவனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். வெள்ளிக்கெழம. நீங்க கண்டிப்பா வரணும்."

"நல்லது தாயி. யாரு மடியில?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

நாகஜோதி சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "எங்கண்ணன் மடியிலதான் சார். பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க. இந்தத் தடவை அண்ணன் வார வரைக்கும் நல்ல நேரமே இல்லன்னு ஐயர்ட்ட சொல்லிப்புட்டேன். மதினியும் வரேன்னுட்டாங்க. எங்க லைன்ல எல்லாருக்கும் அன்னைக்கு லீவு வேணும் சார், அம்புட்டுப் பேரும் சொந்தம்."

எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு பயம். வெள்ளிக்கிழமை என்றால் சரக்கு கிளம்ப இரண்டு வாரம்கூட இல்லை.

சின்ன முதலாளிக்கு இந்தச் செய்தி போனதும் என்னையும் ஹெச்.ஆரில் இருந்த பிரின்சி என்ற பெண்ணையும் அறைக்குக் கூப்பிட்டார். லீவு கொடுப்பது பிரின்சியின் வேலை, லைன் தாங்குமா தாங்காதா என்று சொல்வது என் வேலை.

"ஏனுங்க சார், இவங்க சமாதானமாயிட்டா நம்ம கதி என்னங்க? சரக்கு போகாட்டி மெஷினுக்கு லாரி வந்துருமுங்க. அந்தச் சண்டைய சரக்கு போற வரைக்கும் கொஞ்சம் மெயின்டெயின் பண்ணக் கூடாதுங்களா?"

"மெயின்டெயின் பண்ண அது என்ன கம்ப்ரசரா சார்?"

"காதுகுத்த அடுத்த மாசம் வச்சுக்கச் சொல்லுங்க. பையனுக்குக் காது எங்கீங்க போயிரப் போவுது? லீவு இல்லைன்னு சொல்லிப் போடுங்க. ஐ.இ. டிப்பார்ட்மென்ட்டு வேண்டாம்னு சொல்லிருச்சுன்னு போர்டுல போட்டுருங்க பிரின்சி."

இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், அதாவது என் டிப்பார்ட்மென்ட் பெயரை, போர்டில் போட்டும்விட்டார்கள். தம்பிகளே, நம் தொழிலில் மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். லீவு கொடுக்காவிட்டால் சண்டை நீடிக்கும், சட்டை ஓடும், லைன் பிழைக்கும், முப்பது குடும்பம் பிழைக்கும். லீவு கொடுத்தால் அண்ணன் மடியில் பிள்ளை உட்காரும், நாத்தனாரும் மதினியும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், லைன் படுத்துவிடும். எந்தக் கணக்கைப் போட்டாலும் லீவு கொடுக்கக் கூடாது என்றுதான் விடை வந்தது. நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதே விடை.

ஆனால் அந்த அம்மாவின் கலங்கிய கண் என்னை விட்டுப் போகவில்லை. ஒரு தடவை மடி போனது போதாதா? இன்னொரு தடவையும் போனால் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் சேராது. அதை நடத்தி வைத்தது ஒரு சட்டைக் கம்பெனியின் உற்பத்திக் கணக்கு என்று இருக்க வேண்டுமா? சீ என்று இருந்தது. பிரின்சியைக் கூப்பிட்டு, "லீவைக் குடும்மா. நான் சொன்னேன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா வெளிய சொல்லிக்க வேணாம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை சின்ன முதலாளி தளத்துக்கு வந்தார். நாலாவது லைனில் மெஷின்கள் மட்டும் இருந்தன.

"லைன் எங்கீங்க சார்?"

"காதுகுத்துக்குப் போயிருக்கு சார்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரிங்க. சரக்கு போகாட்டி லாரிய நீங்களே வரச் சொல்லிப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தாலும் தேவலாம் போல இருந்தது.

சனிக்கிழமை லைன் திரும்பி வந்தது. அடடா, அந்தக் கண்கொள்ளாக் காட்சியை என்ன சொல்ல! பஞ்சவர்ணம் தலையில் பூ, நாகஜோதி தலையில் அதே பூ. பஞ்சவர்ணம் ஒரு சட்டைக்குக் கை தைத்து, நூல் பிசிறை வெட்டி, மடித்து, நாகஜோதியின் கையிலேயே கொடுத்தார். "அவசரமில்ல ஜோதி, மெதுவா அடி. நேத்தெல்லாம் நின்னுக்கிட்டே இருந்த, காலு வலிக்கும்." "ஒங்களுக்குத்தான் மதினி முதுகு வலி. செத்த நேரம் சாஞ்சு உக்காருங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்." இரண்டு கட்சியும் ஒரே கட்சியானதால் லைன் முழுக்கக் கறிக்குழம்பின் பக்குவம் பற்றிய பேச்சு. பாசம் மாதிரி உற்பத்தியைக் கெடுக்கிற ஒன்றை என் சர்வீஸில் பார்த்ததில்லை. மதியத்துக்குள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை போச்சு. திங்களும் போச்சு. நான் ராத்திரி தூக்கத்தில் லாரிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல லைனுக்குள் நுழைந்தேன். "வாங்க சார்" என்று ஒரு குரல்கூட வரவில்லை. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. பஞ்சவர்ணம் மட்டும் எழுந்து நின்றார்.

"எங்க குடும்பச் சண்டைய வச்சு வேலை வாங்கியிருக்கீங்க. சமாதானமாகக் கூடாதுன்னு போர்டுல வேற போட்டிருக்கீங்க. இனிமே இந்த லைன்ல ஒருத்தரும் ஒங்ககூட பேச மாட்டோம். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து மெஷினை மிதித்தார் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் பதறிப்போய், "அது நான் இல்ல தாயி, லீவு குடுத்ததே..." என்று வாயைத் திறந்தேன். அப்போது கண் கூடைகள் பக்கம் போனது. சட்டை பறந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் போட, நாகஜோதி அடிக்க, அடுத்தவள் பட்டன் வைக்க, ஒரு கூடையிலும் ஒரு துணி தங்கவில்லை. மொத்த லைனும் ஒரே ஆளாகச் சேர்ந்து என்னை முறைத்துக்கொண்டு தைத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். நான் தளத்துக்கு வருவது தெரிந்தால் போதும், வேகம் ஏறிவிடும். காலிக் கூடையை என் கண்ணில் படுகிற மாதிரி கவிழ்த்து வைப்பார்கள். எவ்வளவு தைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் சூப்பர்வைசரிடம் சொல்வார்கள், அவன் என்னிடம் சொல்வான். சரக்கு சொன்ன தேதிக்குக் கிளம்பியது. சின்ன முதலாளி லாரிப் பேச்சையே எடுக்கவில்லை. நாலாவது லைன் பிழைத்தது.

சரி, அதற்கப்புறமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். சொல்லலாம் என்றுதான் பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் அடுத்த ஆர்டர் வந்து நிற்கும். நான் நல்லவன் என்று தெரிந்துவிட்டால் மறுபடி கறிக்குழம்புப் பேச்சு ஆரம்பித்துவிடுமே! லைன் போய்விடுமே! நம் நல்ல பெயரைவிட லைன் பெரிது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வெளியே சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. மதியம் டப்பாவைத் திறந்தால் என் சாப்பாடு மட்டும்தான் இருக்கும். தாயி தாயி என்று நான் கூப்பிட்ட பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படியே ஓடியது.

ஓய்வு பெற்ற நாளன்று கேன்டீனில் பிரிவு விழா. எல்லா லைனும் வந்து பேசியது. சின்ன முதலாளி சால்வை போர்த்தினார். நாலாவது லைன் கடைசி வரிசையில் சேர்ந்து நின்றது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விழா முடிந்து நான் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். அங்கே முப்பது சொச்சம் பேரும் வழியை மறித்து நின்றிருந்தார்கள். நாகஜோதி முன்னால் வந்து, என் காலைத் தொடக் குனிந்தார். பதறிப் பின்வாங்கினேன்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"லீவு குடுத்தது நீங்கதான்னு. பிரின்சி எங்க ஊருப் புள்ளைதான? காதுகுத்துப் பந்தியிலயே சொல்லிருச்சு. லாரி வரும்னு முதலாளி சொன்னதயும் சேத்துச் சொல்லிருச்சு."

எனக்குத் தலை சுற்றியது. "அப்பறம் எதுக்குத் தாயி என்கூட பேசாம இருந்தீங்க?"

பஞ்சவர்ணம் குறுக்கே வந்தார். "சும்மா வேகமாத் தைன்னா கை வர மாட்டேங்குது சார். சனிக்கெழமை, திங்கக்கெழமை எங்களால ஆன மட்டும் பாத்தோம். யாரையாச்சும் மொறைச்சாத்தான் கை ஓடுது. நானும் இவளும் இனிமே மொறைச்சுக்க முடியாது, புள்ள மடியில உக்காந்துருச்சு. முதலாளிய மொறைச்சா வேலை போயிரும். நீங்கன்னா ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு தெரியும். அதான் எல்லாரும் பஸ்ல ஒக்காந்து பேசி, ஒங்களப் புடிச்சோம்."

"இத்தன நாளும் நடிப்பா?"

"நீங்க ஒவ்வொரு தடவயும் சொல்ல வந்து சொல்ல வந்து வாய மூடிக்கிட்டுப் போவீங்கல்ல? அன்னைக்கெல்லாம் பஸ்ல ஒரே அழுகை சார்" என்றார் நாகஜோதி. சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதேன். சால்வை அதற்காவது உதவியது. அதன் பிறகு முப்பது பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், இத்தனை நாள் பேசாததையெல்லாம். சின்னவன் பள்ளிக்கூடம் போகிறான், பஞ்சவர்ணத்துக்கு முதுகுவலி தேவலை, நான் இளைத்துவிட்டேன், என் மனைவி இன்னும் அதே ரசத்தைத்தான் வைக்கிறாளா. பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்துபோன பிறகுதான் என்னை விட்டார்கள்.

பஸ்ஸில் ஏறப்போன பஞ்சவர்ணம் படியிலிருந்து திரும்பி, "ஒங்க எடத்துக்கு வாரவரு எப்ப சார் வாராரு? நல்ல மாதிரியா?" என்று கேட்டார்.

"தங்கமான பையன் தாயி" என்றேன்.

லைன் மொத்தமும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டது.

ஆகவே தம்பி, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி, உங்களைத்தான் சொல்கிறேன். வந்த வாரத்திலேயே நாலாவது லைன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, என்ன தப்புச் செய்தேன் என்றே தெரியவில்லை என்று போனில் புலம்பினீர்களே, ஒரு தப்பும் செய்யவில்லை. உங்களை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.